இரும்பு பீரோவில் இல்லாத என் பாஸ்போர்ட்

2024 ஆகஸ்ட் 5 சாயங்காலம், மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் நல்ல கூட்டம். டி.வி.யில் டாக்கா ஓடிக்கொண்டிருந்தது. ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போய்விட்டார், ஜனங்கள் பிரதமர் மாளிகைக்குள் புகுந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் தலையில் நாற்காலி, இன்னொருவர் கையில் பெரிய மீன். கடையில் எல்லோருக்கும் சிரிப்பு. 2022இல் கொழும்பில் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் பையன்கள் குதித்தபோதும் இதே கடையில் இதே சிரிப்புதான். எனக்கு இந்தக் காட்சிகளைப் பார்த்தால் வயிறு கலங்கும். அந்த ஊரில் ஏதோ ஒரு சைட்டில் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் தன் பாஸ்போர்ட் எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான், ஊரில் அவன் மனைவி போனைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைப்பு ஓடும். 2011 பிப்ரவரியில் லிபியாவில், பெங்காசி நகரத்துக்கு வெளியே, நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம், என் அக்கா மகன் அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். "என்ன மாமா எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டான். ஊறுகாய், பருப்புப் பொடி என்று ஆரம்பித்தேன். அப்புறம், நான் கிளம்பியபோது எனக்கும் எல்லோரும் ஊறுகாயைத்தானே சொன்னார்கள் என்று உறைத்தது.

நான் கடலூர் முதுநகர்க்காரன். சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் 6,500 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். 2009இல் ஒரு ஏஜென்ட் மூலம் லிபியாவில் வீடு கட்டும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பராகப் போனேன். ஏஜென்டுக்கு 1,10,000 ரூபாய். அதில் 80,000 மூணு வட்டிக்கு வாங்கியது, மீதி மனைவியின் நகை. சம்பளம் 450 தினார், அன்றைய மதிப்பில் பதினாறாயிரத்துச் சொச்சம். லிபியா எப்படி இருக்கும் என்று ஏஜென்டிடம் கேட்டேன். "நாற்பது வருஷமா ஒரே ஆளு, ஒரு கலாட்டா கிடையாது, பயப்படாம போ" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எனக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அந்த ஒரே ஆள் கடாஃபி. 1969 செப்டம்பர் 1 அன்று, 27 வயதில், மன்னர் இத்ரிஸ் வெளிநாடு போயிருந்த நேரத்தில் ஆட்சியைப் பிடித்தவர். நான் போன சமயம் அதற்கு 40 வருடம் நிறைவு. விமான நிலையத்திலிருந்து கேம்ப் வரைக்கும் வழியெல்லாம் அவர் படமும் 40 என்ற எண்ணும். ஒரு தினார் நோட்டிலும் அவர் முகம். ஆனால் ஒரு விஷயம் போகப் போகத்தான் கவனித்தேன். படம் எல்லா இடத்திலும் இருந்தது, பெயர் எங்கும் இல்லை. யாரும் அந்தப் பெயரை வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'அல் காயித்', அதாவது தலைவர். இல்லாவிட்டால் மேலே ஒரு விரலைக் காட்டுவார்கள். அந்த அமைதியைத்தான் நாங்கள் நிம்மதி என்று எடுத்துக்கொண்டோம்.

எங்கள் சைட்டில் ஒரு லிபியக்காரர் லாரி ஓட்டினார். வயதானவர்களை அங்கே மரியாதைக்கு 'ஹாஜ்' என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். சிமெண்ட் லோடு இறக்க வரும்போது என் ஸ்டோரில் உட்கார்ந்து டீ குடிப்பார். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் அரபி, மீதி சைகை. எண்ணெய்க் கிணறுகள் பெரும்பாலும் நாட்டின் கிழக்குப் பக்கம் இருந்தும் பெங்காசி ஆஸ்பத்திரியை நம்ப முடியாமல் வைத்தியத்துக்கு எகிப்துக்கும் துனிசியாவுக்கும் ஓட வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை புலம்பினார். புலம்பிவிட்டு, ஸ்டோரில் என்னைத் தவிர யாரும் இல்லாதபோதும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

2011 ஜனவரி 14இல் துனிசியாவில் பென் அலி ஓடிப்போனார். பிப்ரவரி 11 வெள்ளிக்கிழமை எகிப்தில் முபாரக் பதவி விலகினார். மேற்குப் பக்கத்து நாடு ஒன்று, கிழக்குப் பக்கத்து நாடு ஒன்று, நடுவில் நாங்கள். மறுநாள் காலை ஹாஜ் ஒரு பெட்டி நிறைய இனிப்பு கொண்டுவந்து சைட்டில் எல்லோருக்கும் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, பேத்திக்குப் பிறந்தநாள் என்றார். போன நவம்பரிலும் அதே பேத்தி பிறந்தநாளுக்கு இனிப்பு சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் என்னிடம் கேட்ட கேள்விதான் நான் தவறவிட்ட எச்சரிக்கை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உன் பாஸ்போர்ட் எங்கே?" என்றார். ஆபீஸில் என்றேன். "வாங்கி வைத்துக்கொள்" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்டாக் எண்ணப் போய்விட்டேன். வேறு அறிகுறிகளும் இருந்தன. மேனேஜர்கள் இரண்டு பேர் அதே வாரம் மனைவி பிள்ளைகளை 'லீவுக்கு' ஊருக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு டிசம்பர் சம்பளமே வரவில்லை. சைட்டுக்கு வரவேண்டிய சரக்கு பாதியாகக் குறைந்தது, அதுவும் என் ரிஜிஸ்டரில்தான் பதிவாகிறது, என் கையெழுத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: செய்தியில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காதே, மேலதிகாரி தன் குடும்பத்தை என்ன செய்கிறான் என்று பார். அப்புறம் உள்ளூர்க்காரன் உன் நல்லதுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே செய், மறுநாள் அவனால் சொல்ல முடியாமல் போகலாம்.

பிப்ரவரி 15 ராத்திரி பெங்காசியில் ஃபத்தி தெர்பில் என்ற வக்கீலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் யார், அவருக்காக ஏன் ஊரே தெருவுக்கு வருகிறது என்று எங்கள் கேம்பில் ஒருத்தருக்கும் தெரியாது. 17ஆம் தேதி வியாழக்கிழமை ஊருக்குள் பெரிய போராட்டம், சுட்டார்கள் என்று செய்தி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்தது போராடுகிறவர்கள் மேல் கோபம்தான். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதச் சம்பளம் நிலுவை, இந்த நேரத்தில் இவர்களுக்கு என்ன வந்தது என்று ரூமில் உட்கார்ந்து திட்டினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி இன்டர்நெட் போனது. போனும் வருவதும் போவதுமாக இருந்து செத்தது. அடுத்த இரண்டு நாளும் ராணுவ முகாம் பக்கத்திலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. செத்தவர்களை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போகிற ஊர்வலத்தையே முகாமிலிருந்து சுட்டார்கள், மறுநாள் அதில் செத்தவர்களுக்கு இன்னொரு ஊர்வலம். 20ஆம் தேதி மஹ்தி ஸியூ என்பவர் தன் காரில் கேஸ் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு போய் அந்த முகாம் வாசலில் மோதி வெடித்தார். எண்ணெய்க் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்த நடுத்தர வயதுக்காரர். அந்த வாசல் திறந்து, அன்று இரவே முகாம் விழுந்தது.

எங்கள் கம்பெனி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. சனிக்கிழமை விடியற்காலை பார்த்தால் ஆபீஸ் கார்கள் ஒன்றுமில்லை, மேனேஜர்கள் ஒருவரும் இல்லை. எங்கள் பாஸ்போர்ட்டுகள் ஆபீஸில் ஓர் இரும்பு பீரோவில். சாவி போனவர்களோடு போய்விட்டது. பீரோவை உடைக்க வேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஸ்டோர் சாவி என்னிடம் இருந்தது. சிரிக்காதீர்கள், எனக்குக் கை வரவில்லை. கம்பெனி பொருள், இன்டென்ட், அதாவது பொருள் கேட்டு எழுதும் சீட்டு இல்லாமல் எடுத்துப் பழக்கமில்லை. கடைசியில் ரிஜிஸ்டரைத் திறந்து, ஆங்கிள் கிரைண்டர் 1, கட்டிங் வீல் 2 என்று எழுதி, வாங்கியவர் இடத்திலும் நானே, கொடுத்தவர் இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே எடுத்தேன். ஜெனரேட்டரைப் போட்டு, கீல் இரண்டையும் அறுத்து, கதவைப் பெயர்த்தோம். ஃபோர்மேன் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக எடுத்துப் பெயர் வாசித்தார். 142 பெயர். என் பெயர் வரவில்லை. பீரோ அடியில் கை விட்டுத் துழாவினேன். அப்புறம் மேஜையில் இருந்த டெஸ்பாட்ச் புத்தகத்தைப் பார்த்தபோது விளங்கியது. இகாமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்க என்று 9ஆம் தேதியே திரிப்போலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

22ஆம் தேதி மற்றவர்கள் லாரி பிடித்து எகிப்து எல்லையான சலூமுக்குக் கிளம்பினார்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையில் மாட்டினால் ஜெயில் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஏறவில்லை. பண்ருட்டிக்காரர் ஒருவர் 40 தினாரையும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டையும் என் கையில் திணித்துவிட்டு, "அண்ணே, வந்துடுங்கண்ணே" என்று அழுதார். போயிருக்கலாம். எல்லையில் நம் அரசு ஆட்கள் இருந்து காகிதம் இல்லாதவர்களுக்கும் வழி செய்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஜெயில் என்று சொன்னவன் எல்லையைப் பார்த்தவனே இல்லை. கூட்டத்தோடு போகும் வழி இருக்கும்போது காகிதத்தை நினைத்துத் தனியாகத் தங்காதீர்கள். காகிதத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆளில்லாத கேம்பில் ராத்திரி நாய்க்கும் ஆளுக்கும் காலடிச் சத்தம் ஒன்றாகத்தான் கேட்கும். ஸ்டோருக்குள் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தேன். இரண்டாம் நாள் துப்பாக்கியோடு பையன்கள் வந்து வண்டிகளையும் கம்ப்யூட்டர்களையும் எடுத்துப் போனார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். கொள்ளைக்காரர்களா, புரட்சிக்காரர்களா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஹாஜ் தன் காரில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வழியில் தெருவுக்குத் தெரு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு இளவட்டங்கள் காவல் நின்றார்கள். கடாஃபி ஆப்பிரிக்காவிலிருந்து கூலிப்படை இறக்கியிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. கறுப்பாக இருந்தவர்கள் பாடு திண்டாட்டம், ஒரு பாவமும் அறியாத ஆப்பிரிக்கக் கூலித் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் அடிபட்டார்கள். நான் நல்ல கறுப்பு. ஒரு தடுப்பில் ஒரு பையன் என்னை இறக்கி நிறுத்தினான். ஹிந்தி, ஹிந்தி என்றேன், அரபியில் இந்தியக்காரனுக்கு அதுதான் பெயர். அப்படியானால் ஹிந்தியில் பேசு என்றான். எனக்கு எங்கே ஹிந்தி தெரியும்? பயத்தில் வாய்க்கு வந்த தமிழில் "தம்பி, நான் கடலூர்ப்பா, ஸ்டோர்ல வேலை பாக்குறேன்பா" என்றேன். அவன் நிறைய இந்திப் படம் பார்த்தவன் போலிருக்கிறது. "இது ஹிந்தி இல்லை" என்று துப்பாக்கியைக் கொஞ்சம் உயர்த்தினான். ஹாஜ் இறங்கி வந்து இரண்டு நிமிடம் கத்தினார். என்ன சொன்னார் என்று தெரியாது, பையன் என் தோளைத் தட்டி மன்னிப்புக் கேட்டான். அந்த இரண்டு நிமிடத்தில் என் பேண்ட் நனைந்திருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. கம்பெனி அடையாள அட்டையை பெட்டிக்குள் வைத்திருந்தேன், அதைக் கழுத்தில் மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது. உள்ளூர் மொழியில் மூன்று வாக்கியமாவது மனப்பாடம் இருக்க வேண்டும்: நான் எந்த நாடு, என்ன வேலை, யாரிடம் வேலை.

இன்னொன்று, என் போனில் எரிகிற போலீஸ் ஸ்டேஷனை எடுத்த வீடியோ இருந்தது. ஹாஜ் காரிலேயே அதை வாங்கி அழித்தார். "அவர்கள் ஜெயித்துவிட்டார்களே, இனி என்ன?" என்றேன். "யார் ஜெயிப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது" என்றார். மேற்கே துனிசியா எல்லைக்குப் போனவர்களிடம் ராணுவத்தினர் வழியெல்லாம் மெமரி கார்டையும் சிம்மையும் பிடுங்கிக்கொண்டது பிறகு தெரிந்தபோது அவர் செய்தது புரிந்தது. படம் பிடிக்காதீர்கள், கூட்டத்தோடு சேர்ந்து கோஷம் போடாதீர்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் சண்டை. நாளைக்குக் காற்று மாறினால் அவர்களுக்கு ஒளிய ஒரு சொந்தக்காரன் வீடு இருக்கும், நமக்கு இருக்காது.

அவர் வீடு சாப்ரி என்ற பகுதியில், கடலுக்குப் பக்கத்தில். உப்புக் காற்றும் காரை பெயர்ந்த சுவரும் பார்க்க எங்கள் முதுநகர் மாதிரியே இருக்கும். ஒரு அறையில் என்னைத் தங்க வைத்து, மக்ரோனா என்று தக்காளியில் காரமாக வெந்த சேமியா மாதிரி ஒன்றைத் தட்டு நிறைய கொடுத்தார்கள். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்று பட்டை, நடுவில் பிறையும் நட்சத்திரமும். 1969க்கு முந்தைய கொடி. ஹாஜின் மனைவி பழைய போர்வைத் துணியில் தைத்துக்கொண்டிருந்தார். ஊரில் போலீஸ் இல்லை, ஆனால் பையன்கள் சந்தியில் நின்று டிராஃபிக் பார்த்தார்கள், தெருவைப் பெருக்கினார்கள், கடற்கரை ஓரத்து கோர்ட் கட்டடத்தில் புதிதாக ஏதோ ஒரு நிர்வாகம் ஓடியது. பயந்துகொண்டிருந்த எனக்கே அந்த நாலைந்து நாள் அந்த ஊர் முகத்தில் இருந்ததைப் பார்க்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடாஃபி டி.வி.யில் வந்து, போராடுகிறவர்களை எலிகள் என்றும், வீடு வீடாக, சந்து சந்தாக வந்து பிடிப்பேன் என்றும் மேஜையைக் குத்திப் பேசியதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஹாஜின் பையன்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். ஹாஜ் சிரிக்கவில்லை.

அந்த ராத்திரிதான் சொன்னார். அவர் தம்பியை 1990களின் தொடக்கத்தில் மசூதியிலிருந்து வரும் வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரிப்போலியில் அபு சலீம் என்ற சிறை. அவர் அம்மா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயிரம் கிலோமீட்டர் பஸ்ஸில் போய், சட்டையும் சாப்பாடும் சிறை வாசலில் கொடுத்துவிட்டு வருவாராம். பார்க்க விடமாட்டார்கள். பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். 1996 ஜூனில் அந்தச் சிறையில் ஒரே நாளில் 1,200 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள், தம்பியும் அதில் ஒருவர். வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தார், வாசலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இது அவர் ஒரு வீட்டுக் கதை இல்லை, பெங்காசியில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கதை. கைதான அந்த வக்கீல் தெர்பில், இந்தக் குடும்பங்களுக்காக வாதாடியவர். நான் ரூமில் உட்கார்ந்து "இவர்களுக்கு என்ன வந்தது" என்று திட்டினேனே, வந்தது இதுதான். ஒன்றரை வருடம் அவரோடு டீ குடித்திருக்கிறேன், இதை அவர் சொல்ல ஒரு ராணுவ முகாம் விழ வேண்டியிருந்தது.

இங்கே கடலூரில் என் மனைவி பட்ட பாடு தனி. செத்துப்போன என் நம்பருக்கு தினமும் ஐ.எஸ்.டி. கார்டு வாங்கிப் போட்டிருக்கிறாள், ஏறக்குறைய 2,000 ரூபாய். ஏஜென்ட் ஆபீஸ் பூட்டு. 21ஆம் தேதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுக்கப் போனாள். பாஸ்போர்ட் நம்பர் என்ன என்றார்கள். தெரியாது. கம்பெனி முழுப் பெயர்? தெரியாது. எந்த ஊர்? லிபியா. நான் பத்தாவது பாஸ் என்பதால் இ.சி.என்.ஆர். பாஸ்போர்ட், அதாவது அரசின் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன். அந்த முத்திரை வாங்கிப் போகிறவர்களுக்காவது எங்கே, யாரிடம் வேலைக்குப் போகிறார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். நான் எந்தப் பதிவிலும் இல்லை. இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசின் இ-மைக்ரேட் இணையதளம் இருக்கிறது, 2015இல் வந்த மதத் புகார்த் தளம் இருக்கிறது, போய் இறங்கியதும் தூதரகத்தில் பெயர் பதியலாம். கால் மணி நேர வேலை. அக்கா மகனுக்கு ஊறுகாய்க்கு முன்னால் இதைத்தான் செய்ய வைத்தேன். ஒரிஜினல் ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் இரண்டு பக்கமும் நகலெடுத்து வீட்டில் ஒரு செட், மெயிலில் ஒரு செட்.

என் பாஸ்போர்ட் நம்பரைக் கடைசியில் கண்டுபிடித்தது முதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பையன். விசா பிரிண்ட் எடுத்தபோது ஸ்கேன் செய்தது அவன் கம்ப்யூட்டரில் இரண்டு வருடமாகக் கிடந்திருக்கிறது. ஹாஜ் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் இருந்த துரையா சாட்டிலைட் போனில் எனக்கு ஒரு நிமிடம் வாங்கிக் கொடுத்தபோது, மனைவி முதல் தடவை எடுத்து, "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டாள். வட்டிக்காரர் புதுப்புது நம்பரிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்தாராம், அந்தப் பயம். இரண்டாம் தடவை என் குரல் தெரிந்தது. பேசியதெல்லாம் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமுமான அந்த பாஸ்போர்ட் நம்பர் மட்டும்தான். அவள் சொல்லச் சொல்ல நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். போன் பத்து விநாடி மிச்சம் இருந்தது, இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி கடைசியில் இந்திய அரசு வாடகைக்குப் பிடித்த 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் பெங்காசி துறைமுகத்துக்கு வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறினார்கள். பாஸ்போர்ட் உள்ளவர்கள் போன பிறகு, கழுத்தில் அட்டையும் உள்ளங்கையில் நம்பருமாக நின்ற என்னையும் ஒரு காகிதத்தில் எழுதி ஏற்றினார்கள். ஹாஜ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அலெக்சாண்டிரியாவுக்குக் கப்பல், அங்கிருந்து ஏர் இந்தியா தனி விமானம், டெல்லி, ரயில், கோயம்பேடு, கடலூர் பஸ். அதே கப்பல் அந்த வருடம் ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு போக்குவரத்துக்கு வந்தது. பேப்பரில் படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சம்பளம் 1,350 தினார், சுமார் 50,000 ரூபாய் போச்சு. பத்திரமாக இருக்கட்டும் என்று கம்பெனி கேஷியரிடம் விட்டிருந்த 600 தினார் போச்சு, இப்படிக் கொடுத்து வைக்கும் பழக்கம் எல்லா கேம்பிலும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கையிலிருந்த தினாரை சென்னையில் எந்த மணி சேஞ்சரும் தொடவில்லை. உடம்போடு நூறு டாலராவது சின்ன நோட்டாக இருந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டு வைத்திருந்த ஃபோர்மேன் அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதி இரண்டு வருடத்தில் கொஞ்சம் வாங்கினார். ஊருக்கெல்லாம் ரசீது எழுதின நான், எனக்கென்று ஒரு சம்பளச் சீட்டு கேட்டு வாங்கியதில்லை. புது பாஸ்போர்ட்டுக்கு எட்டு மாதம் அலைந்தேன். மாமனாரின் முந்திரித் தோப்பு மகசூலில் கடனை அடைக்கலாம் என்றிருந்தோம், டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் வந்து தோப்பைப் படுக்க வைத்துவிட்டது. நகை நான்கு பவுன் ஏலத்தில் போனது.

நான் வந்த மூன்று வாரத்தில் கடாஃபியின் படை பெங்காசி எல்லைக்கே வந்து, பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டதில் திரும்பியது. அக்டோபர் 20இல் சிர்த்தில் அவர் கொல்லப்பட்டார். அன்று ஹாஜின் நம்பருக்கு எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை. 2014க்குப் பிறகு துப்பாக்கி வைத்திருந்தவர்களே ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு, மூன்று வருடத்தில் சாப்ரி பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். படங்களில் அந்தத் தெருவைத் தேடிப் பார்த்தேன், எது எந்த வீடு என்று தெரியவில்லை. அவர்கள் எழுந்தது சரியா தப்பா என்று டீக்கடையில் கேட்கிறார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட அந்தச் சிறை வாசலைச் சொல்வேன், அதற்கு மேல் எனக்கு அரசியல் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி அவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சாமி அலமாரிக்குப் போனாள். அதன் கதவின் உள்பக்கம், விளக்குப் புகை படிந்த மரத்தில், பென்சிலால் எழுதிய ஒரு நம்பர் இருக்கிறது. லிபியாவில் தொலைந்துபோன என் பழைய பாஸ்போர்ட் நம்பர், 2011இல் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து எழுதியது. அது ரத்தாகி எத்தனையோ வருடம். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுத்தான் அடிக்கச் சொல்வாள். அதற்குக் கீழே அவன் நம்பரை எழுதினாள். எழுதிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து இன்னொரு முறை சரிபார்த்தாள்.